கூடலூர்க் கரையில் ஓய்ந்த அமெரிக்கப் போர்

(நம் சங்கத்துச் சிதம்பரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டிற் குடியேறிய மக்கள் ஆங்கிலேயர் ஆட்சியை உதறி விடுதலை பெற்ற வரலாறு, இன்று எமக்கு இடப்பட்ட பொருள். தமிழ் ஆசிரியர்க்கு இப்பொருள் பொருந்துமோ என்று உங்களுட் சிலர் ஐயுற்றதாகச் செயலாளர் கூறினார். ஐயம் நியாயமானதே. எனினும் அவ்வரலாற்றின் கடைசி ஏடு நம் கடலூர்க் கரையில் எழுதப்பட்டது என்பதை அறிந்தார் மிகச் சிலர். ஆதலின் அதனை எடுத்துரைக்கும் உரிமை நமக்கும் உண்டு என்று துணிந்து வந்தோம்.

பள்ளிப் பாடங்களில் இவ்வரலாறு ஒரு பக்கத்துள் அடங்கிவிடும். 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்டன் என்னும் சிற்றூரிற் போர் தொடங்கியது; 1776 ஜூலை 4இல் விடுதலைப் பிரகடனம் வெளிப்பட்டது; 1781 அக்டோபர் 19இல் யார்க்டவுன் என்னுமிடத்தில் காரன்வாலிஸ் பிரபு தம் படையோடு சரண் புகுந்தார்; 1783 செப்டம்பர் 3இல் பாரிஸ் நகரில் உடன்படிக்கை ஆயிற்று. இவ்வளவே மாணவர் மனப்பாடம் செய்வது. யார்க்டவுனுக்கும் பாரிசுக்கும் இடையே கிடக்கும் இரண்டாண்டில் என்ன நிகழ்ந்தது என்று வினாவினால், வகுப்பு வாளாவிருக்கும். அவ்வினாவுக்குரிய விடையிற் பெரும்பகுதி பரங்கிப்பேட்டை மணலிலும் கெடிலத்தின் கரையிலும் கிடக்கின்றது.

முதற்கண் அக்குடியேறிகள் யாவர் என்பதைத் தெளிவோம். வட அமெரிக்காவின் கீழ்க்கரையிற் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் இருந்தன. அவற்றின் மக்களுட் பெரும்பாலார் ஆங்கிலேய மரபினர். ஆள்வோரும் ஆளப்படுவோரும் பேசிய மொழி ஒன்று. வழங்கிய சட்டம் ஒன்று. வணங்கிய தெய்வமும் ஒன்று. ஆதலின் அவர்கள் தொடுத்த வழக்கை நம்மூர் வழக்கிற் சொல்வதானால், அது பாகப்பிரிவினை வழக்கு. மூத்த வீட்டார் கணக்குக் காட்டாமல் இளைய வீட்டாரிடம் பணம் தண்டினர். இளைய வீட்டார் தனிக்குடித்தனம் போயினர். அந்நிலத்துக்கு முன்னரே உரிய தொல்குடியினரும், ஆப்பிரிக்காவினின்று பிடித்துக் கொணரப்பட்ட அடிமைகளும் அப்பாகத்திற் சேர்க்கப்பட்டாரல்லர். அடிமை முறை அந்நாடு முழுதும் சட்டத்தால் ஒழிந்தது 1865ஆம் ஆண்டிலேதான். விடுதலை என்னும் சொல்லை அவர்கள் வாயினின்று கேட்குங்கால், யாருக்கு விடுதலை என்னும் வினாவை நாம் கையோடு வைத்திருத்தல் நன்று.

வழக்கு மூண்டது யாங்ஙனம்? 1756 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உலகெங்கும் பொருதனர். வென்ற ஆங்கில அரசு கடன்பட்டு நின்றது. கடனை அடைக்கக் குடியேறிகள்மீது வரி விதித்தது. 1765இல் முத்திரை வரி வந்தது. பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் வரி. விளையாடும் சீட்டுக்கட்டுக்கும் வரி. எதிர்ப்பு மூளவே மறு ஆண்டு அதனை நீக்கினர். 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு வரி விதித்தனர். 1770இல் தேயிலை ஒன்றை நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை விலக்கினர். குடியேறிகளை வருத்தியது காசின் அளவு அன்று. இலண்டன் மன்றத்தில் எம் சார்பாக ஒருவர்தாமும் அமர்ந்திராதபோது, எம் மடியிற் கைவைக்க நீங்கள் யார் என்பதே அவர்கள் கேள்வி.

இவ்விடத்தே, நமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் கதைக்குள் நுழைகின்றார். அவர்தாம் கிழக்கிந்தியக் கும்பினியார். 1773இல் கும்பினி முறிந்து விழும் நிலையில் இருந்தது. இலண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலைபோற் குவிந்து கிடந்தது. கும்பினியைக் காக்கும்பொருட்டு அவ்வாண்டு ஒரு சட்டம் இயற்றினர். அதன்படி அத்தேயிலை நேரே அமெரிக்காவிற்குச் சென்று முன்னையினும் மலிவாக விற்கப்படும். வரி மட்டும் நிற்கும். மலிவாகக் கொடுத்தும் வேண்டா என்றனர் குடியேறிகள். டிசம்பர் 16ஆம் நாள் இரவு பாஸ்டன் துறையில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறி, 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலிற் கொட்டினர்.

மலிவான பண்டத்தை ஏன் மறுத்தனர் என்பது சிந்திக்கத் தக்கது. அந்நாட்களில் ஜான் டிக்கின்சன் என்னும் வழக்கறிஞர் தம் நாட்டாருக்கு ஓர் எச்சரிக்கை எழுதினார். ஆசியாவில் இக்கும்பினி செய்த கொள்ளையையும், 1770ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் மாண்ட மக்களையும் எடுத்துக்காட்டி, அதே கை இனி அமெரிக்காவின்மேல் நீளும் என்றார். தாமஸ் பெயின் என்பாரும் 1775இல் கிளைவின் வாழ்வையும் சாவையும் பொருளாகக் கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். அந்தக் கிளைவ், 1756இல் நம் கடலூர்க் கோட்டையிற் துணை ஆளுநராக வீற்றிருந்தவரே. நம் நாட்டார் பட்ட பாடு, பல்லாயிரம் மைல் அப்பால் இருந்தோர்க்குப் பாடமாயிற்று. அவர்கள் அயலார் துன்பத்தைப் படித்துத் தம்மைக் காத்துக்கொண்டனர். நாம் நம் துன்பத்தையே எழுதிவைத்தோமில்லை.

நிற்க. கும்பினி கடலூருக்கு வந்த வகையையும் ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். 1690ஆம் ஆண்டு செஞ்சி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் எல்லை வரையுள்ள நிலமும் கோட்டையோடு சேரும் என்பது பேச்சு. நாற்புறமும் சுட்டனர், குண்டு விழுந்த இடமெல்லாம் கும்பினிக்கு ஆயிற்று. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப் பெயரை நம்மிற் பலர் நாள்தோறும் சொல்கின்றோம். அப்பெயரிலுள்ள குண்டு இதுவே. பத்திரம் எழுதி, எல்லைக்கல் நட்டு, நான்கு பேர் சாட்சிக் கையெழுத்திட்டு நிலம் வாங்கும் நமக்கு, பீரங்கியால் எல்லை அளக்கும் முறை வியப்பாக இருக்கலாம். அன்று அவ்வெல்லைக்குள் உழுதுகொண்டிருந்த குடியானவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை. இலண்டன் மன்றத்தில் எம் குரல் இல்லை என்று குடியேறிகள் சினந்தனரே, உப்பலவாடியார்க்கு எந்த மன்றம் இருந்தது?

அக்கோட்டையை வாங்கிய காலத்தில் சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பிறந்த ஊர், பின்னாளில் தேயிலை கொட்டப்பட்ட அதே பாஸ்டன். சென்னையில் தம் சொந்த வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டி, ஊழற் குற்றச்சாட்டின்மேல் 1692இற் பதவி இழந்தார். 1718இல் அமெரிக்கக் குடியேற்ற நாட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 நூல்களும், அரசரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்ற பணம் 560 பவுனுக்குச் சற்று மேற்பட்டது. நன்றியாக அக்கல்லூரிக்கு அவர் பெயரை இட்டனர். அதுவே இன்று உலகறிந்த யேல் பல்கலைக்கழகம். அக்கல்லூரியில் 1773இற் பட்டம் பெற்ற நேதன் ஹேல் என்னும் இளைஞரை, ஒற்றர் என்று ஆங்கிலப் படை 1776 செப்டம்பர் 22இல் தூக்கிலிட்டது. வயது இருபத்தொன்று. தமிழ்க் கரையில் ஈட்டிய பொருளால் வளர்ந்த கல்லூரி, ஆங்கில அரசை எதிர்த்த வீரர் ஒருவரை ஈன்றது. பணத்துக்கு எவ்வழியிற் பயன் விளையும் என்று யார் கண்டார்?

கும்பினி கடலூருக்கு வந்தது துணிக்காக. இதனை இச்சபையில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தறியும் பாவடியும் நம் மரபின் மூச்சு. நம் முன்னோர் நெய்த வெண்துணியும் சாயத்துணியும் கப்பலேறிச் சீமைக்குச் சென்றன. தரகர் வழியே முன்பணம் வரும். முன்பணம் வாங்கியவர் தறி, கும்பினியின் தறி ஆகிவிடும். சீமையிலோ, அந்நாட்டு நெசவாளர் நம் துணியைக் கண்டு அஞ்சி முறையிட, இந்தியச் சாயத்துணியை உடுத்தலாகாது என்று 1700இலும் 1721இலும் சட்டம் செய்தனர். அதே மன்றம் 1699இல், அமெரிக்கக் குடியேறிகள் நெய்த கம்பளித் துணியை வெளியே அனுப்பலாகாது என்று தடுத்தது. கடலூர்த் தறிக்கும் பாஸ்டன் இராட்டைக்கும் ஒரே கை பூட்டுப் போட்டது என்க.

அப்பூட்டை அவர்கள் உடைத்த வகை நம் தாய்மார்கள் கருதத் தக்கது. 1760களின் பிற்பகுதியில் ஆங்கிலச் சரக்கை வாங்குவதில்லை என்று வணிகர் உறுதி கூறினர். வணிகர் உறுதி எத்தனை நாள் நிற்கும்? அதை நிறுத்தியவர் பெண்டிர். ஊர்தோறும் இராட்டையைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்திற் கூடி, பொழுது சாயுமட்டும் நூற்றனர். வீட்டு நூலால் நெய்த முரட்டுத் துணியை உடுத்துவது பெருமை ஆயிற்று. நூற்றைம்பது ஆண்டு கழித்துக் காந்தியடிகள் இராட்டையை எடுத்தபோது இந்நாட்டில் நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். நம் கடலூர் முதுநகரிற் பிறந்த அஞ்சலையம்மாள் 1921இல் ஒத்துழையாமை இயக்கத்திற் புகுந்தார்; 1927இல் சென்னையில் நீலன் சிலையை அகற்ற நடந்த போராட்டத்தில் தம் இளமகளோடு சிறை சென்றார். அம்மையார் பெயரைச் சொன்னால் இன்றைய மாணவியர், எந்த ஊர் என்று எம்மையே கேட்கின்றனர்!

இராட்டையோடு கடிதமும் வேலை செய்தது. 1772இல் பாஸ்டன் நகரார் கடிதக் குழு ஒன்றை நிறுவினர். ஓரூரில் நடந்த அநீதியை மற்றோரூர்க்கு எழுதி அறிவிப்பதே அதன் தொழில். பிற ஊரார் பின்பற்றினர். பதின்மூன்று நாடுகளுக்கும் ஒன்றோடொன்று ஆகாது. தொழில் வேறு, சமயப் பிரிவு வேறு, எல்லைத் தகராறு வேறு. எனினும் ஒரே செய்தியை ஒரே கிழமையிற் படித்தோர் மெல்ல ஒரே கோபம் கொண்டனர். 1774 செப்டம்பரிற் பிலடெல்பியா நகரிற் பன்னிரு நாட்டுப் பிரதிநிதிகள் கூடினர் என்றால், அதற்கு விதை அக்கடிதங்களே. (நம் மாத வெளியீடு முதல் தேதியில் வரவேண்டியது இருபதாம் தேதி வருவதைப் பொறுத்துக்கொள்ளும் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.)

இனிப் போர் நம் நாட்டுக்கு வந்த கதை. 1777 அக்டோபரிற் சாரட்டோகா என்னுமிடத்தில் ஆங்கிலப் படை ஒன்று தோற்றுச் சரணடைந்தது. குடியேறிகள் வெல்லவும் கூடும் என்று கண்ட பிரெஞ்சு அரசு 1778 பிப்ரவரி 6இல் அவர்களோடு உடன்படிக்கை செய்தது. அமெரிக்காவில் இரு தரப்பும் பகை என்றால், புதுவையில் அவர்கள் நட்பாயிருக்க முடியுமோ? அவ்வாண்டு ஆகஸ்டிற் கும்பினிப் படை புதுச்சேரியை வளைத்தது. அக்டோபரிற் புதுவை வீழ்ந்தது. மறு ஆண்டு மாஹியும் வீழ்ந்தது. மாஹி வழியாகவே மைசூர் ஐதர் அலிக்குப் படைக்கலங்கள் வந்துகொண்டிருந்தன. வேறு பகைகளும் அவருக்கு முன்பே உண்டு. 1780 ஜூலையில் அவர் கணவாய் இறங்கிக் கருநாடகத்துட் புகுந்தார். செப்டம்பர் 10இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினியின் ஒரு பெரும்பகுதிப் படை அழிந்தது.

பின்னர் நேர்ந்தது இவ்வூரார் மறக்கலாகாதது. ஐதரின் படை சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே இருந்தது. முன்னைப் போர்களிலும் அக்கோயில் இவ்வாறு இரு தரப்பார்க்கும் கோட்டையாகப் பயன்பட்டதுண்டு. அத்துணை உயரிய மதில் வேறெங்கே கிடைக்கும்? 1781 ஜூன் 18ஆம் நாள் சர் ஐர் கூட் என்னும் கும்பினித் தளபதி கோயிலைத் தாக்கினார். உள்ளே புக இயலாமற் பலரை இழந்து பின்வாங்கினார். பாஸ்டன் துறையிற் பற்றிய தீ எட்டாண்டுகளில் தில்லைக் கோபுர வாயிலை எட்டியது. மதிலுக்கு உள்ளிருந்து சுட்டவரும் இந்நாட்டார். வெளியிருந்து ஏணி தூக்கியவருட் பெரும்பாலாரும் இந்நாட்டார்.

இரு கிழமை கழித்து ஜூலை 1இல் பரங்கிப்பேட்டைக்கு அருகே கூட் ஐதரை எதிர்கொண்டார். கூட்டிடம் இருந்தது 8,000 பேருக்குச் சற்று மேற்பட்ட படை. ஐதரிடம் அதனினும் பன்மடங்கு. எனினும் வெற்றி கும்பினிக்கே ஆயிற்று. தோற்றிருந்தால் தென்னாட்டிற் கும்பினியின் கதை அங்கே முடிந்திருக்கவும் கூடும் என்பது எம் கருத்து. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் யார்க்டவுனிற் காரன்வாலிஸ் வாளைக் கொடுத்தனுப்பினார். ஆங்கிலேயர் அங்கே இழந்ததையும் இங்கே காத்ததையும் ஒரே பக்கத்தில் எழுதிப் படிக்கவேண்டும்.

அமெரிக்கர் இதனை அறியாதிருந்தாரல்லர். பென்சில்வேனியா நாட்டார் ஒரு போர்க்கப்பலைக் கட்டமைத்து அதற்கு ஐதர் அலி என்றே பெயரிட்டனர். 1782 ஏப்ரல் 8இல் அக்கப்பல் தன்னினும் பெரிய ஆங்கிலக் கப்பல் ஒன்றை டெலவேர் விரிகுடாவிற் பிடித்தது. அதே ஏப்ரலிற் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் கடலூரைக் கைப்பற்றினர். நம் பகுதியில் ஐதரின் பெயர் அப்போது வேறு வகையாக ஒலித்தது. கும்பினிக்கு உணவு கிட்டாதபடி அவர் ஊர்களை எரித்துப் பாழாக்கினார். கொடிய பஞ்சம் வந்தது. சென்னையை நோக்கி ஓடிய மக்களுக்கு 1782இல் அங்கே கஞ்சித் தொட்டி வைத்தனர். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்த இடத்தை முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது அதனாலேயே. அமெரிக்கருக்கு அவர் பெயர் கப்பலின் அழகு; தறியைப் பிரித்துத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடிய குடும்பத்துக்கு அப்பெயர் என்ன பொருள் தந்திருக்கும்? ஐதரைக் கும்பினியை எதிர்த்த வீரர் என்று போற்றுவோரோடு யாமும் உடன்படுகின்றோம். எரிந்த ஊரின் கணக்கையும் உடன் வைத்துக்கொண்டே உடன்படுகின்றோம்.

ஒல்லாந்தரும் இப்போரில் ஆங்கிலேயர்க்குப் பகைவராகவே, 1781 நவம்பரிற் கும்பினி நாகப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டது. 1782 முழுதும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலத் தலைவர் ஹியூஸும் சதுரங்கப்பட்டினம் முதல் திருகோணமலை வரை நான்குமுறை பொருதனர். டிசம்பர் 7இல் ஐதர் இறந்தார். 1783இல் புஸ்ஸி என்னும் முதிய தளபதி பிரெஞ்சுப் படையோடு பரங்கிப்பேட்டையில் இறங்கிக் கடலூரிற் புகுந்தார். அவரை வளைக்கச் சென்னையினின்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் படை கொண்டு வந்தார்.

ஜூன் 13ஆம் நாள் கடலூர்ப் புறத்தே பெரும்போர் மூண்டது. கும்பினிப் படையில் ஆங்கிலேயரும், ஜெர்மனியின் ஹனோவர் நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவரும், ஆயிரக்கணக்கான சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். எதிரே பிரெஞ்சுக்காரரும், அவர்தம் சிப்பாய்களும், மைசூரார் சிலரும். அன்று ஒரு நாளிற் கும்பினித் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தும் புண்பட்டும் வீழ்ந்தனர். ஜூன் 20இல் கடலூர்க்கு எதிரே கடலில் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் 18 ஆங்கிலக் கப்பல்களும் பொருதன. நீரின்றியும் நோயாலும் நலிந்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். சுஃப்ரேன் தம் மாலுமிகளையும் கரையிறக்கிக் கோட்டைக்கு உதவினார். ஜூன் 25இல் பிரெஞ்சுப் படை கோட்டையினின்று வெளிப்பட்டுத் தாக்கித் தோற்றது. முற்றுகை இட்டவரே முற்றுகைப்படும் நிலை நெருங்கியது.

ஜூன் மாத இறுதியில் சென்னையிலிருந்து ஒரு கப்பல் வெள்ளைக் கொடியோடு வந்தது. ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி கொணர்ந்தது. எப்போது ஆயிற்று? சனவரி 20ஆம் நாள்! உலகத்தார் ஐந்து மாதங்களுக்கு முன்னரே கைகுலுக்கிவிட்டனர். கடல் கடந்து கடிதம் வரும் வரையில் கடலூரில் மட்டும் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர். பாஸ்டனில் தொடங்கிய அப்பெரும்போரின் கடைசிப் பெருஞ்சண்டை இதுவே. அமெரிக்கா விடுதலை பெற்றுவிட்டது என்பதை அறியாமலே, அமெரிக்கா என்னும் பெயரையே கேட்டிராத நம் சிப்பாய்கள், அவ்விடுதலைப் போரின் முடிவுப் பலியாயினர்.

பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியபோது நம் ஊர்கள் அதிற் பண்டங்களாய் இடம்பெற்றன. புதுவையும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்க்குத் திரும்பின. கடலூர் கும்பினிக்குத் திரும்பியது. நாகப்பட்டினத்தை 1784இல் ஒல்லாந்தர் ஆங்கிலேயர்க்கே எழுதிக் கொடுத்தனர். பதின்மூன்று நாடுகள் உரிமை பெற்ற அதே பேச்சின் கிளையாக நாம் அடகுப் பொருள்போற் கைமாறினோம்.

அன்றியும், மேற்கே ஒரு பெருநிலத்தை இழந்த ஆங்கில அரசு, கிழக்கே இருப்பதை இறுகப் பற்றியது. யார்க்டவுனிற் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபுவே 1786இற் கவர்னர் ஜெனரலாக இந்தியாவிற்கு வந்தார். திப்பு சுல்தானோடு பொருது 1792இல் அவர் நாட்டிற் பாதியைப் பறித்தார். 1793இல் வங்காளத்தில் நிலவரியை நிலையாக்கினார். உயர்ந்த பதவிகளினின்று இந்தியரை விலக்கினார். அமெரிக்கரிடம் தோற்றவர் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுதும் கும்பினி ஆட்சிக்குள் வந்தபோது சிதம்பரமும் அதனுள் அடங்கியது. 1783க்குப் பின் 164 ஆண்டுகள் நாம் காத்திருந்தோம்.

அவர்கள் பிரிந்தனர், நாம் ஏன் அன்றே பிரியவில்லை என்று இளைஞர் கேட்பர். நம்மவர்க்கு வீரம் இல்லை என்று விடை கூறுவோர் உளர், அது பொய். பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் நின்று போரிட்டவர் நம்மவரே. குறை வீரத்தில் அன்று. அவ்வீரத்துக்கு எசமானர் வேறாயிருந்தமையில். கும்பினிக் கூலிக்கு ஓரண்ணன், பிரெஞ்சுக் கூலிக்கு ஒரு தம்பி, மைசூர்க் கூலிக்கு ஒரு மைத்துனன் என்று நம் ஊர்கள் ஆள் கொடுத்தன. தண்ணீர்ப் பஞ்சத்தாலும் முன்பணக் கடனாலும் தறி நின்றவனுக்குப் பட்டாளம் ஒரு சோற்று வழி. அவனை யாம் பழிக்கமாட்டோம். ஆயினும் ஒரு ஊரார் செய்தி மறு ஊரார்க்கு எட்டவில்லை. அங்கே பண்ணை முதலாளியும் மீன்பிடிப்பவரும் ஒரு கூட்டத்தில் அமர்ந்தனர். இங்கே நாட்டாண்மை சாதிக்கு ஒன்றாய் இருந்தது. ஒரு சாதிப் பஞ்சாயத்தில் மற்றொருவர் அமரமாட்டார். சாதிச் சங்கம் ஒன்றின் மேடையில் நின்று இதனைச் சொல்லுதல் சிலர்க்குக் கசக்கலாம். நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவவும், விதவையர்க்கு மானியம் தரவும் சங்கம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அடுத்த தெருவார் சங்கத்துக்கு நாம் கடிதம் எழுதி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் நிர்வாகிகள் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பாராக.

நேதன் ஹேலுக்குச் சிலை உண்டு. பாஸ்டனிற் பெட்டி உடைத்தவர் பலரின் பெயர்களை அவர் பேரர்கள் எழுதி வைத்துள்ளனர். கடலூரில் 1783 ஜூனில் மாண்ட சிப்பாய்களுள் ஒருவர் பெயராவது நம் சபையில் எவரேனும் அறிவரோ? அக்காலத்துப் புதுவையில் வாழ்ந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு அச்சாகியுள்ளது. ஒருவர் எழுதினார் என்றால், எழுதியவர் இன்னும் சிலர் இருந்திருத்தல் கூடும்.

ஆகவே உங்களிடம் எம் வேண்டுகோள் ஒன்று. கடலூர், புதுப்பாளையம், பரங்கிப்பேட்டை, புவனகிரி, சிதம்பரம் ஆகிய ஊர்களிற் பழைய வீடுடைய குடும்பத்தார் பரண்மேற் கிடக்கும் ஓலைகளையும், கைச்சாத்துகளையும், கணக்கு நோட்டுகளையும் எரித்துவிடவேண்டா; எடைக்குப் போடவும் வேண்டா. கும்பினி முன்பணச் சீட்டு ஒன்று கிடைத்தாலும், பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு முன்னோரைப் பற்றிப் பாட்டியார் சொன்ன ஒரு சொல் கிடைத்தாலும் நமக்குப் பயன்படும். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் யாம் சங்கக் கட்டடத்தில் இருப்போம். கொண்டுவருபவற்றைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே உரியவரிடம் கையெழுத்துப் பெற்றுத் திருப்பித் தந்துவிடுவோம்.